பதிலாளின் பெயர்

தாய் வந்துவிட்டது. பிள்ளைகள் வரவில்லை.

சோங்சிங் நகரத்தின் பழைய நூற்பாலைக் கட்டடத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்றே யூலான் இதில் மாட்டிக்கொண்டாள். கிட் என்ற கருவியில் நிரல்களைக் களஞ்சியமாகக் கட்டி வைப்பார்கள். ஒன்றுக்குள் இன்னொன்றை, அதற்குள் வேறொன்றை அடுக்கலாம். வெளியே இருப்பது தாய், உள்ளே இருப்பவை பிள்ளைகள். இந்தக் களஞ்சியங்கள் இருந்தது நாட்டுக்கு வெளியே. நேராகப் போனால் வழி கிடைக்காது. நமக்காகப் போய் வாங்கி வர ஒரு பதிலாள் வேண்டும். அதுதான் ப்ராக்ஸி. யூலான் அதன் முகவரியைச் சரியாகவே எழுதியிருந்தாள். தாய்க் களஞ்சியம் அந்த வழியாகத்தான் இறங்கியது. உட்களஞ்சியங்கள் மட்டும் ஏன் அசையவில்லை?

"சாயங்காலத்துக்குள்ள எல்லாம் இறங்கலேன்னா பையைப் பிரிக்காதேம்மா," என்றார் மேலாளர் ஃபான். "ரயில் டிக்கெட்ட நானே போட்டுத் தர்றேன்."

மதியம் நூடுல்ஸ் கிண்ணங்கள் காலியானதும், அங்கே வழக்கமான குட்டித் தூக்கத்துக்காகத் திரைச்சீலைகளை இழுத்து விளக்குகளை அணைத்தார்கள். எல்லோரும் மேசையில் தலை சாய்த்தார்கள். இருட்டில் மிளகாய் எண்ணெய் வாசனை தங்கி நின்றது. அதற்கு அடியில் இன்னொரு வாசனை. காய்ச்சலுக்குத் தேய்க்கும் தைலம்.

யூலானின் கணினி விசிறி மெல்ல முனகியது.

கடைசி அடுக்கில் இருந்த உட்களஞ்சியம் இறங்கத் தொடங்கியது.

அவள் விசைப்பலகையைத் தொடவில்லை.

எந்த வழியாகப் போக வேண்டும் என்று சொல்லும் தனி அமைப்புக் கோப்பு ஒவ்வொரு உட்களஞ்சியத்துக்கும் உண்டு. இறங்கிக்கொண்டிருந்ததன் கோப்பைத் திறந்து பார்த்தாள். ப்ராக்ஸி முகவரிக்கு முன்னால் ஒரு பயனர் பெயர் இருந்தது. லுவோ ஷென்.

அவள் எழுதாத வரி.

அழித்தாள். பின்கழுத்தில் சூடான மூச்சு பட்டது.

வரி மறுபடி இருந்தது.

"தெங் அக்கா," பக்கத்து இருக்கையிடம் கிசுகிசுத்தாள். "லுவோ ஷென் யாரு?"

தெங் கண் திறக்கவில்லை. "உனக்கு முன்னாடி உன் நாற்காலில இருந்தவன். அவன் பேர்லதான் நாங்க எல்லாரும் வெளிய போய் வந்தோம். காய்ச்சல், வீட்டுக்குப் போறேன்னான். நீ போனா லைன் போயிடும்னு ஃபான் விடல. மதியம் தலையைச் சாய்ச்சான். விளக்குப் போட்டும் எந்திரிக்கல."

"எழுப்பலையா?"

"லைன் ஓடிட்டிருந்துச்சு. ஓடுற வரைக்கும் எதுக்கு எழுப்பணும்? சாயங்காலம் கூட்ட வந்தவங்க தொட்டப்பதான் உயிர் இல்லேன்னு தெரிஞ்சுது."

விசிறி முனகியது.

"ஆத்துல செத்தவன் பதிலாள் கிடைக்காம கரையேற மாட்டான்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க," என்றாள் தெங். "பாவம், இவனும் அப்படித்தான், களைச்சிட்டான். ஒண்ணே ஒண்ணத்தான் தூக்கிட்டு வர்றான்."

"மத்தது எப்படி வரும்?"

"தாய்ல எழுதினா தாயோட நின்னுடும் தங்கச்சி. குளோபல்ல எழுது. உன் பேரைப் போடு."

அப்போதுதான் யூலானுக்குப் புரிந்தது. தாயின் அமைப்பு பிள்ளைகளுக்கு இறங்காது. குளோபல் அமைப்பு ஆளைச் சேர்ந்தது. அந்த ஆள் திறக்கும் எல்லாக் களஞ்சியங்களையும் அது தொடும். பாதிப் பயம் அதிலேயே போயிற்று. மீதிப் பயத்தை ரயில் டிக்கெட் விழுங்கியது. வெறும் எழுத்துதானே என்று குளோபலில் ப்ராக்ஸி முகவரிக்கு முன்னால் தன் பெயரைத் தட்டினாள்.

எல்லா உட்களஞ்சியங்களும் ஒரே நேரத்தில் இறங்கின.

அவள் முதுகுக்குப் பின்னால் யாரோ நீளமாக மூச்சு விட்டு எழுந்தார்கள். கதவு திறந்து மூடியது. தைல வாசனை போய்விட்டது.

விளக்குகள் எரிந்தன. அறை முழுக்க விசைப்பலகைகள் சடசடத்தன.

"பரவால்லையே, லைன் பறக்குதே," என்றார் ஃபான்.

யூலானின் கன்னம் எப்போதோ மேசையில் சாய்ந்து கிடந்தது. எழ முயன்றாள். கை வரவில்லை. கூப்பிட முயன்றாள். நாக்கு வரவில்லை.

"புதுப் பொண்ணு முத நாளே என்னமா தூங்குது," யாரோ சிரித்தார்கள்.

"எழுப்பாதீங்க," என்றாள் தெங். தன் போர்வையை எடுத்து யூலானின் கழுத்துவரை இழுத்துவிட்டாள். பிறகு அலுவலகக் குழுவுக்கு எழுதினாள்:

'உட்களஞ்சியம் இறங்காதவர்கள் கவனிக்க. ப்ராக்ஸியைத் தாய்க் களஞ்சியத்தில் எழுத வேண்டாம். குளோபலில் எழுதுங்கள். உள்ளே எத்தனை அடுக்கு இருந்தாலும் எல்லாவற்றுக்கும் சேரும். பயனர் பெயர், இன்று முதல், யூலான்.'