ஷாரோன் அக்காவின் முதல் கார்

குமரன் வீட்டு வாசலில் ஒரு வெளிர்நீலக் கார் பத்து நாளாக நின்றுகொண்டிருந்தது. நாற்பத்திரண்டு வயதுக் கார். முசரவாக்கத்தில் ஒரு கொட்டகையில், கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த அந்தக் காரைக் குமரன் ஆசைப்பட்டு வாங்கிவந்தார். வாங்கிய அன்று மட்டும் ஓடியது. தெருவுக்குள் நுழைந்ததும் இருமியது, தும்மியது, வீட்டு வாசலுக்கு வந்ததும் அடங்கிவிட்டது.

"வீடு தெரிஞ்சு நின்னுச்சு பாத்தியா?" என்றார் குமரன்.

அவர் மகள் ஏலவார்குழலி பின்சீட்டிலிருந்து ஒரு கோழி இறகை எடுத்துக் கீழே போட்டாள். ஆறாம் வகுப்புப் படிக்கும் குழலிக்கு அப்பாவின் பெருமைகள் பழகிப்போனவை.

வேறு தெருவாக இருந்தால் நின்ற கார் நிற்கட்டும் என்று விட்டிருப்பார்கள். இது தறிக்காரர்கள் தெரு. புடவையில் நீளவாக்கில் ஓடும் பட்டு இழைகளுக்குப் பாவு என்று பெயர். அதைத் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நீட்டிக் கட்டி, நாலைந்து பேர் இழை இழையாகச் சரிசெய்வார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுக் கண்ணாயிரத்தின் பாவு.

"காரச் சுத்திக்கினு பாவு வளைஞ்சா போவும்?" என்று கேட்டார் கண்ணாயிரம். "ஞாயித்துக்கிழம காலைல ஏழு மணிக்கு தெரு காலியா இருக்கணும் குமரா."

காரைத் தள்ளிக்கொண்டுபோய் அடுத்த தெருவில் விடலாம் என்றால், அங்கேயும் அன்று பாவுதான். அதையும் தாண்டிக் கயிறு கட்டி இழுத்துப்போனால் ஊரே சிரிக்கும். ஆக, கார் ஓடித்தான் தீர வேண்டும். குமரன் ஷாரோனைக் கூப்பிட்டார்.

ஷாரோன் வாலாஜாபாத்துக்காரி. பாலிடெக்னிக் முடித்துவிட்டு, ரயில்வே கேட் பக்கம் மூன்று மாதத்துக்கு முன்னால்தான் மெக்கானிக் கடை போட்டிருந்தாள். இதுவரை வந்ததெல்லாம் பஞ்சர், பஞ்சர், மறுபடியும் பஞ்சர். கண்ணாயிரத்தின் மொபெட் மட்டும் ஒருமுறை பிளக் மாற்ற வந்தது. கார் என்று அவளிடம் வந்தது இதுதான் முதல்.

"இது ஓடிச்சுன்னா இந்தத் தெரு வண்டியெல்லாம் எங்கிட்ட வரும் குழலி," என்றாள்.

"ஓடலைன்னா?"

"பஞ்சர்கூட வராது."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் காரின் மூடியைத் திறந்து, எஞ்சின் மேலிருந்து அழுக்குப் பிடித்த ஓர் உலோகக் கட்டியைக் கழற்றி எடுத்தாள்.

"இதான் கார்புரேட்டர். பெட்ரோலையும் காத்தையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுறது இதோட வேல. கூடினா எஞ்சினுக்கு மூச்சு முட்டும், கொறைஞ்சா பட்டினி."

சோறு ஊட்டுகிற கதைதான் என்று குழலி புரிந்துகொண்டாள்.

ஷாரோன் காரின் பெயரைச் சொல்லி வாங்கிவந்த பெட்டியைப் பிரித்தாள். உள்ளே புது வாஷர்கள், இடுக்கில் பெட்ரோல் கசியாமல் வைக்கும், காகித அட்டைபோல மெல்லிய கேஸ்கட்டுகள். பெரிய கேஸ்கட்டைக் கார்புரேட்டர் மேல் வைத்துப் பார்த்தாள். கேஸ்கட்டில் நாலு ஓட்டை, கார்புரேட்டரில் ஐந்து. திருப்பி வைத்தாள். அப்போதும் நாலுதான்.

"இந்தக் காருக்கு இதான் வரணும்," என்று முணுமுணுத்தாள். முகம் சுருங்கிவிட்டது.

குழலி யோசித்தாள். "அக்கா, காருக்குத்தான் இந்தப் பேரு. இதயும் அதே கம்பெனிதான் செஞ்சுதா? நடுவுல யாரோ வேற மாத்தியிருந்தா?"

ஷாரோன் நிமிர்ந்தாள்.

"அப்ப இது யாருன்னு இதுகிட்டயேதான் கேக்கணும்," என்றாள் குழலி. ஒரு பல்துலக்கியை மண்ணெண்ணெயில் தோய்த்துக் கட்டியின் பக்கவாட்டைத் தேய்த்தாள். கறுப்பு போயிற்று. பிறகு பழுப்பு போயிற்று. அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணத்துக்குச் சற்று மேலே, உலோகத்திலேயே வார்த்த எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. மூன்று ஆங்கில எழுத்து, பக்கத்தில் இரண்டு எண். காரின் பெயருக்கும் அதற்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது.

ஷாரோன் அதைப் படம் பிடித்துச் சென்னைக் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். ஐந்து ஓட்டை கேஸ்கட் அவர்களிடம் இருந்தது. "காலைல பஸ் கண்டக்டர்கிட்ட கொடுத்தனுப்புறோம்," என்று பதில் வந்தது.

"அது உங்க அப்பா பல்துலக்கிதானே?" என்று உள்ளேயிருந்து அம்மா காவேரி கேட்டாள்.

"பழசுதாம்மா."

"நேத்து வாங்கினது."

சனிக்கிழமை காலை கார்புரேட்டரை முழுவதும் பிரித்தார்கள். குழலி ஒரு செய்தித்தாளை விரித்து, கழற்றிய வரிசையில் பாகங்களை வைத்து, ஒவ்வொன்றையும் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டாள். எது தொலைந்தாலும் அதன் காலி வட்டம் காட்டிக்கொடுத்துவிடும். கிண்ணத்தின் அடியில் பழைய பெட்ரோல் காய்ந்து கருப்பட்டிப் பாகுபோல ஒட்டியிருந்தது.

நெல்லிக்கொட்டையைவிடச் சிறிய ஒரு பித்தளைத் திருகைக் கழுவி ஷாரோன் அவளிடம் கொடுத்தாள். "இது மெயின் ஜெட். பெட்ரோல் இந்தத் துளை வழியாத்தான் போவும். காத்தடிச்சுத்தான் சுத்தம் பண்ணணும். நான் பஸ் ஸ்டாண்டு போயி கேஸ்கட் வாங்கிக்கினு வந்துர்றேன்."

அவள் போனதும் குழலி ஜெட்டை வெயிலில் பிடித்துப் பார்த்தாள். துளை மங்கலாகத்தான் தெரிந்தது. சைக்கிள் பம்பால் காற்றடித்தாள். அப்படியும் மங்கல்தான். ஒரு மெல்லிய கம்பி இருந்தால் போதும் என்று தோன்றியது. தறி வீட்டில் கம்பிக்கா பஞ்சம்? தறியடியில் கிடந்த சரிகைத் துண்டை எடுத்தாள். தங்கக் கம்பிபோல மின்னியது. மூன்றாக முறுக்கித் துளைக்குள் விட்டு நாலு தரம் இழுத்தாள். பளிச்சென்று வெளிச்சம் வந்தது. குழலிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

ஷாரோன் திரும்பி வந்து ஜெட்டை வெளிச்சத்தில் பார்த்தாள். "நல்லாயிருக்குதே," என்றாள். எப்படி என்று அவள் கேட்கவில்லை, குழலியும் சொல்லவில்லை.

மாலை ஐந்து மணிக்கு எல்லாம் பூட்டி முடிந்தது. ஐந்து ஓட்டையும் ஐந்து ஓட்டையோடு கச்சிதமாகப் பொருந்தின. குமரன் சாவியைத் திருகினார். எஞ்சின் உறுமியது. தெருவே எட்டிப் பார்த்தது. குமரன் சிரித்துக்கொண்டே ஆக்சிலேட்டரை மிதித்தார்.

இருமல். தும்மல். அமைதி.

மறுபடி திருகினால் ஓடும். மிதித்தால் அடங்கும். ஆறு தரம் இதே கூத்து.

கண்ணாயிரம் வேட்டியை மடித்துக் கட்டினார். "தெரிஞ்சதுதான் குமரா. பஞ்சர் ஒட்டுற பொண்ணுகிட்ட காரைக் குடுத்தா இப்படித்தான். என் மொபெட்டை நான் வேற கடைக்குத் தள்ளிக்கினு போறேன்பா. காலைல கயிறு கட்டி இழுத்துரலாம்."

இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். குமரன் தரையைப் பார்த்தார். ஷாரோன் ஸ்பேனர்களைத் துடைத்துப் பையில் வைத்தாள்.

"காலைல ஆறு மணிக்கு ஒரு தரம் பாத்துடறேண்ணா," என்றாள்.

குழலி வீட்டுக்குள் போனாள். அம்மா தறியில் உட்கார்ந்து, நைந்துபோன சரிகை முனை ஒன்றை வெட்டிக் கீழே போட்டாள். குழலி அதைக் குனிந்து எடுத்தாள். மேலே சுற்றியிருந்த தங்கம் பிரிந்து, உள்ளேயிருந்த சிவப்புப் பட்டு நூல் பஞ்சாகப் பிசிறிக்கொண்டு நின்றது.

சரிகை கம்பி இல்லை. சிவப்புப் பட்டு நூலின் மேல் வெள்ளியைச் சுற்றித் தங்கம் பூசியது. இந்தத் தெருவில் மூன்றாம் வகுப்புக் குழந்தைக்குக்கூட அது தெரியும். குழலிக்கும் தெரியும். நேற்றும் தெரிந்திருந்தது, இன்று காலையும் தெரிந்திருந்தது, அந்த ஐந்து நிமிடம் மட்டும் தெரியாமல் போயிற்று.

அன்று அவள் இரண்டே தோசையோடு எழுந்துகொண்டாள்.

மறுநாள் காலை ஷாரோன் வந்தபோது குழலி காருக்குப் பக்கத்தில் காத்திருந்தாள். கையில் அப்பா இழை பார்க்கும் பூதக்கண்ணாடி.

"அக்கா, மெயின் ஜெட்ட மட்டும் கழட்டுங்க. நான் அதுல சரிகைய விட்டுக் குத்தினேன்."

ஷாரோன் காரின் மூடியைத் தூக்கினாள். கிண்ணத்தைத் திறந்து ஜெட்டைக் கழற்றினாள். பூதக்கண்ணாடியில் தெளிவாகத் தெரிந்தது. துளைக்குள் எறும்பின் மீசை அளவுக்குச் சிவப்புப் பிசிறு, பெட்ரோலில் ஊறி உப்பி, அடைத்துக்கொண்டிருந்தது.

"சும்மா ஓடுறப்ப பெட்ரோல் வேற துளையில போவும். மிதிச்சா இதுல வரணும். அதான் அடங்கிப்போச்சு," என்றாள் ஷாரோன். பின்பக்கத்திலிருந்து பம்பால் ஓங்கிக் காற்றடித்தாள். பிசிறு வெளியே வந்து விழுந்தது.

"கோவமா அக்கா?"

"நேத்து வந்திருக்கும். இப்ப தூக்கம்தான் வருது. ராத்திரி பூரா எங்க தப்பு பண்ணேன்னு யோசிச்சேன்." ஜெட்டைப் பூட்டிக்கொண்டே சொன்னாள்: "இத யார்கிட்டயும் சொல்லாத. சும்மா உன்னைத் திட்டுவாங்க. என் தப்புன்னே இருக்கட்டும்."

குழலி பூதக்கண்ணாடியைப் பாவாடையில் துடைத்தாள்.

ஆறே முக்காலுக்குக் கண்ணாயிரம் பாவுச் சுருளைத் தோளில் சுமந்து வந்தார். பின்னால் நாலைந்து பேர், ஒருவர் கையில் கயிறு. குமரன் சாவியைத் திருகினார். பயந்துகொண்டே மிதித்தார். எஞ்சின் சீறியது. இன்னும் மிதித்தார். இன்னும் சீறியது. வெளிர்நீலக் கார் தெருமுனை வரை போய்த் திரும்பிப் பார்ப்பதுபோல நின்றது.

"பரவால்லியே," என்றார் கண்ணாயிரம். "இத நேத்தே ஒழுங்கா செஞ்சிருந்தா இன்னா?"

ஷாரோன் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

குழலி முன்னால் வந்தாள். "நேத்தும் அக்கா ஒழுங்காத்தான் செஞ்சாங்க மாமா. அவங்க இல்லாதப்ப நான்தான் ஜெட்டுல சரிகைய விட்டுச் சுத்தம் பண்ணேன். நூல் மாட்டிக்கிச்சு. அவங்க கார்புரேட்டர்ல ஒரு கொறையும் இல்ல."

யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. எல்லாரும் தறிக்காரர்கள்.

"சரிகையையா?" என்றார் கண்ணாயிரம்.

"ஆமா."

அவர் பாவுச் சுருளைத் தோள் மாற்றிக்கொண்டார். தொண்டையைச் செருமினார். ஷாரோனைப் பார்க்காமல், காரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நீ பிளக் மாத்தினப்புறம் என் மொபெட்டுல பிரேக் ஒயர் அறுந்துபோச்சும்மா. நான் பட்டு நூல எட்டா முறுக்கிக் கட்டி வெச்சிருக்கேன். நாளைக்குக் கொண்டாந்தா பாப்பியா?"

"அய்யோ, அதுலயா ஓட்டுறீங்க? தள்ளிக்கினு வாங்கண்ணே," என்றாள் ஷாரோன்.

கயிறு வைத்திருந்தவர் மெதுவாகத் தன் ஸ்கூட்டர் கண்ணாடியைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தார்.

திங்கட்கிழமை பள்ளிக்குப் போகும் வழியில் குழலி ரயில்வே கேட் பக்கம் பார்த்தாள். ஷாரோன் அக்கா கடை வாசலில் ஐந்து வண்டிகள் நின்றன. ஐந்திலும் எங்கோ ஓர் இடத்தில் பட்டு நூல் கட்டியிருந்தது. அக்கா ஸ்பேனரை ஓரமாக வைத்துவிட்டு, முதல் வேலையாகக் கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டிருந்தாள்.