எல்லா டோக்கனும் மேலே!

ட்ரிங்... ட்ரிங்...

சுரங்கத்து விளக்கறையில் இருந்த பெண் போனை வெறித்துப் பார்த்தாள்.

அடித்தது சுரங்கத்துக்குள்ளிருந்து வரும் போன். ஆனால் சுரங்கத்துக்குள் யாருமே இல்லை!

கீழே இறங்குகிறவர்கள் விளக்கோடு ஆளுக்கொரு பித்தளை டோக்கனையும் எடுத்துக்கொண்டு போவார்கள். மேலே வந்ததும் பலகையில் அவரவர் ஆணியில் மாட்டிவிடுவார்கள். இதோ, ஓர் ஆணிகூடக் காலியில்லை. இன்னும் சற்று நேரத்தில் கீழே வெடி வெடிக்கப் போகிறது.

அப்படியானால் போனில் யார்... பேயா?

எடுத்தாள்.

"அக்கா... நான்தான்... சர்வேயர்."

"தம்பி! நீங்க மேல வந்துட்டீங்களே... உங்க டோக்கன் இங்க தொங்குதே!"

"நான் வரலைக்கா! புழுக்கம் தாங்காம சட்டையைக் கழட்டி வெச்சேன். பாக்கெட்ல இருந்த டோக்கனைக் காணோம்... இங்க இருக்கிற இரும்புக் கேட்டை வெளியில யாரோ தாழ் போட்டுட்டாங்க!"

அவள் விளக்கு அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள்.

டோக்கன் வந்திருந்தது. விளக்கு வரவில்லை! மாட்டியவன் அவசரத்தில் அதை மறந்துவிட்டான்.

"பயப்படாதீங்க தம்பி, வெடியை நிறுத்தச் சொல்றேன்..."

சடக்!

பின்னாலிருந்து வந்த ஒரு முரட்டுக் கை போன் வயரைப் பிடுங்கியது.

அவளுடைய அண்ணன். சுரங்கத்து மேஸ்திரி.

"அண்ணே... சர்வேயர் கீழ..."

"தெரியும்."

செத்துப்போன போனைக் கீழே வைத்தாள்.

"நீயா... தாழ் போட்டே?"

"வேற வழியில்லைம்மா. காலையில சொல்றான், இந்தப் பக்கம் தாமிரம் தீர்ந்துபோச்சாம். ஆபீஸ்ல போய்ச் சொன்னான்னா நாளைக்கே சுரங்கத்தை மூடிடுவாங்க. அப்புறம் என்ன பண்ணுவே? பாறையைத் தின்பியா?"

"அதுக்காக ஒரு உயிரையா?"

"மளிகைக்கடை, பள்ளிக்கூடம், இங்க வர்ற ஒத்தை பஸ்... எல்லாம் இந்தக் குழியை நம்பித்தான் ஓடுது. உன் பொண்ணு படிப்பு உட்பட!"

அவன் சொன்னதில் பொய்யில்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. ஒரு கணம்... ஒரே ஒரு கணம்... பேசாமல் இருந்துவிட்டால் என்ன என்று அவளுக்கும் தோன்றியது! அந்த நினைப்பை உதறினாள்.

வெளியே பூட்ஸ் சத்தம்.

வெடிக்காரர்! பலகையைத் தன் கண்ணால் பார்க்காமல் சுவிட்சைத் தொடாத மனிதர்.

"வாயைத் திறந்தே... தங்கச்சின்னுகூடப் பாக்க மாட்டேன்," அண்ணன் பல்லைக் கடித்தான். "அவன் பஸ் ஏறிப் போயிட்டான்னு நான் சொல்லுவேன். உன்னை நம்புவாரா, என்னை நம்புவாரா?"

சந்தேகமென்ன, அண்ணனைத்தான் நம்புவார்.

பலகையிலிருந்து ஒரு டோக்கனைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வீசினாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் சுரங்கக் கிணறு. ணங்... ணங்... என்று பித்தளை அடியாழத்துக்கு இறங்கியது.

"அடிப்பாவி!"

வெடிக்காரர் உள்ளே நுழைந்தார். பலகையைப் பார்த்தார்.

"ஒரு ஆணி காலியா இருக்கே. யாரு கீழ?"

"எங்கண்ணன்!"

"என்னம்மா உளர்றே? மேஸ்திரி இங்க குத்துக்கல்லாட்டம் நிக்கிறாரே!"

"பலகை அப்படிச் சொல்லலையே! அவர் டோக்கன் கிணத்துக்குள்ள கிடக்கு. எடுத்துட்டு வந்து மாட்டுங்க... அப்புறம் வெடிங்க. அப்படியே இரும்புக் கேட் பக்கமும் ஒரு எட்டு பாருங்க!"

தலையில் அடித்துக்கொண்டே வெடிக்காரர் கிணற்றுக்குள் இறங்கும் கூண்டில் ஏறினார். அண்ணன் ஸ்டூலில் சரிந்தான்.

கூண்டு மேலே வந்தபோது அதில் இரண்டு பேர்.

உடம்பெல்லாம் தூசி படிந்திருந்த சர்வேயர், மேஸ்திரியைப் பார்த்ததும் பொரிந்து தள்ளினான்.

"யோவ்! காலையில நான் பேசி முடிக்கறதுக்குள்ள ஏன்யா ஓடினே? இந்தப் பக்கம்தான் தீர்ந்துபோச்சு. அந்தப் பக்கம் இதைவிடப் பெரிசா கிடக்கு! உன் பேரன் காலம் வரைக்கும் வேலை இருக்கு!"

மேஸ்திரிக்கு முகம் வெளிறியது. அவள்தான் கேட்டாள்.

"அந்தப் பக்கம்னா... எங்க தம்பி?"

சர்வேயர் ஜன்னலுக்கு வெளியே கை நீட்டினான். பள்ளிக்கூடம். மளிகைக்கடை. வரிசையாக வீடுகள்.

"அதுக்கெல்லாம் அடியிலதான். வேலைக்குப் பஞ்சமே இல்லைக்கா... ஊரைத்தான் காலி பண்ணணும். முதல்ல உங்கண்ணன் வீட்டுலேருந்தே ஆரம்பிச்சுடலாம்!"