அரசியின் குதிகால், தவமணியின் வலி

மங்கையர்க்கரசி மாடிப்படியின் விளிம்பில் நுனிக்காலில் நின்று, இடது குதிகாலை மெல்லக் கீழே இறக்கினாள். அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்த அவள் கணவன் தவமணிக்கு இடது குதிகாலுக்கு மேலே சுருக்கென்றது. தோசைக்கரண்டியை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"என்னங்க, எத்தனை?" படியிலிருந்து குரல் வந்தது.

"ரெண்டு!" என்றான். வலித்தது ஆறு.

இருவர் கணுக்காலிலும் ஆளுக்கொரு பட்டை. அவளுடையது வலிதருவி, இவனுடையது வலியேற்பி. ஓடுகிற, ஆடுகிற, குதிக்கிற ஜனத்துக்கெல்லாம் குதிகால் நாண் புண்ணானால் இப்போது இதுதான் வைத்தியம். நாணைச் சும்மா கிடக்கவிட்டால் தேறாது. கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் ஏற்றித்தான் பலப்படுத்த வேண்டும். எவ்வளவு ஏற்றலாம் என்பதை வலிதான் சொல்லும். பத்துக்கு மூன்று வரை போகலாம், ஐந்தைத் தாண்டினால் நிறுத்த வேண்டும். ஆனால் ஆட்டக்காரர்களிடம் வலியைப் பற்றிக் கேட்டால் யார் உண்மை சொல்கிறார்கள்? கருவியால் அளக்கலாம் என்றால், ஒரு மனித மண்டைக்குள் போன பிறகுதான் வலி என்பதே வலியாகிறது. அதனால் ஆட்ட ஆசை இல்லாத இன்னொரு மண்டைக்கு அதை அனுப்பிவிட்டார்கள். நோயாளிக்கு ஒன்றும் தெரியாது. வலித்துணை என்று பெயர் பெற்ற அந்த ஆள் சொல்லும் எண்ணை வைத்துத்தான் அடுத்த வாரப் பயிற்சி.

தவமணி முதல் மாதம் யோக்கியமாகத்தான் இருந்தான். ஆறு என்றால் ஆறு என்றான். உடனே இயன்முறை மருத்துவர் ஜெசிந்தா பயிற்சியை மூன்று வாரம் பின்னுக்குத் தள்ளினார். அன்று அரசி தன் பூப்பந்து மட்டையை உறையில் போட்டுப் பரண்மேல் வைத்துவிட்டு, உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். நாற்பத்தைந்து வயது. மாநில மூத்தோர் போட்டியில் திண்டுக்கல் அணிக்கு ஆடுகிறவள். இந்த வருஷம் விட்டால் இனி அணியில் இடம் கிடைக்காது. அந்த முகத்தை அவனால் பார்க்க முடியவில்லை. வலித்தால் வலிக்கட்டும், என் கால்தானே என்று நினைத்துவிட்டான். அங்கேதான் மனுஷன் கோட்டை விட்டான். வலி மட்டும்தான் அவனுடையது, நாண் அவளுடையது.

அவன் சொன்ன எண்ணை நம்பி ஜெசிந்தா அவளை ஆட விட்டார். இறுதிப் போட்டியில் எதிரணித் தலைவி குணசுந்தரி. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு நடுவர் தீர்ப்பில் மூண்ட சண்டையில், அவளுக்கும் அரசிக்கும் முகம் கொடுத்துப் பேச்சு கிடையாது. இறுதிப் போட்டியன்று அரசி என்னமாய் ஆடினாள்! பார்வையாளர் வரிசையில் தவமணி காலில் பட்டையோடு பல்லைக் கடித்துக்கொண்டு கை தட்டினான். கடைசிப் புள்ளிகள் நெருங்கும்போது யாரோ பின்னாலிருந்து அவன் குதிகாலில் ஓங்கி உதைத்தார்கள்.

"யாருய்யா அது?" என்று திரும்பினான். பின்வரிசை காலி.

களத்தில் அரசி சிரித்த முகத்தோடு அடுத்த பந்துக்குத் தயாராக நின்றாள். நாண் அறுந்தது அவளுக்குத் தெரியவே இல்லை.

"அரசி! ஓடாத, நில்லு!" என்று கத்தியபடி நொண்டிக்கொண்டே களத்துக்குள் ஓடினான். அதற்குள் அவள் ஓர் அடி எடுத்து வைத்தாள். பாதம் தரையை உந்தவில்லை. அப்படியே சரிந்தாள்.

"எத்தனைங்க?" என்றாள், கீழே கிடந்தபடி.

"பத்து." அவன் அழுதுவிட்டான். "ரெண்டு மாசமாவே ஆறு, ஏழு. நான்தான் மறைச்சிட்டேன்."

"அட பாவி மனுஷா, அத்தனையும் நீங்களா தாங்குனீங்க?" என்று அவள் அவன் காலைத்தான் முதலில் தடவிப் பார்த்தாள்.

அறுவை முடிந்து, கட்டுப் பிரித்த பிறகு ஜெசிந்தா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "இந்தத் தடவ சார் வேணாம். உங்க மேல பாசமே இல்லாத ஆளு யாராச்சும் இருக்காங்களா?"

பாசக்காரர்கள் என்று அம்மா, தங்கை, அணித்தோழிகள் எல்லோரையும் கழித்தாயிற்று. அரசி வெகுநேரம் யோசித்துக் குணசுந்தரியின் பெயரைச் சொன்னாள்.

ஆள் அனுப்பிக் கேட்டதும் குணசுந்தரி வந்துவிட்டாள். அரசி முடங்கிவிட்டால் இனி யாரைத் தோற்கடிப்பது என்று நினைத்தாளோ என்னவோ! பட்டையை மாட்டிக்கொண்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி உட்கார்ந்தாள். அரசி ஊன்றுகோலை விட்டு ஓர் அடி வைத்தாள். குணசுந்தரியின் கை நாற்காலியைப் பற்றிக்கொண்டது. இரண்டாவது அடி. மூன்றாவது அடியில் அவளே எழுந்து வந்து அரசியின் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எத்தனை மேடம்?" என்றார் ஜெசிந்தா.

அரசி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பதினோரு வருஷத்தில் முதல்முறையாகக் குணசுந்தரி அவளிடம் பேசினாள்.

"பெரிசா ஒண்ணுமில்லடி. ரெண்டுதான்."

மூலையில் உட்கார்ந்திருந்த தவமணி தலையில் கை வைத்துக்கொண்டான். ஆறுக்குக் குறையாது என்று அவனுக்குத் தெரியும்.