ஹேர்பின் போதும்!

டுமீல்!

சமையலறையிலிருந்து அலறிக்கொண்டு ஓடி வந்தவள் படுக்கையறைக் கதவில் மோதி நின்றாள்.

"பாப்பா! கதவைத் திற!"

பதில் இல்லை.

கதவு உள்பக்கம் பூட்டியிருந்தது. உள்ளே ஏழு வயது மகள். கணவனின் லைசென்ஸ் துப்பாக்கியும் அதே அறையில்!

போனை எடுத்தாள்.

"என்னங்க... ஓடி வாங்க! உள்ள துப்பாக்கி வெடிச்சிருச்சு... பாப்பா பேசவே மாட்டேங்கிறா!"

கடைத்தெருவில் பூட்டு ரிப்பேர் கடை வைத்திருப்பவன் அவன். ஊருக்கே பூட்டுப் போடுகிற மனுஷன், தன் கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு ஓடினான்.

வீட்டில் அக்கம்பக்கத்துக் கூட்டம். யாரோ தகவல் சொல்லி இன்ஸ்பெக்டர் அம்மாவும் வந்திருந்தார். கான்ஸ்டபிள் தோளால் கதவை இடித்துக்கொண்டிருந்தார்.

"உடையாது சார்... அது நான் போட்ட பூட்டு!"

வாடிக்கையாளரிடம் பெருமையாகச் சொல்கிற அதே வார்த்தைகள். இப்போது அழுகையாக வந்தன.

மண்டியிட்டான். பூட்டுக்குள் கம்பியை நுழைத்தான். கம்பி நழுவிக் கீழே விழுந்தது.

"துப்பாக்கியை எங்க வச்சிருந்தீங்க?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"பீரோவுல மேடம். பூட்டித்தான்!"

"சாவி?"

"என் இடுப்புல."

"குண்டு?"

"துப்பாக்கிக்குள்ளயே... திருடன் வந்தா தேடிட்டு இருக்க முடியுமா?"

"சாவி உங்க இடுப்புல. அப்புறம் பீரோவைத் திறந்தது யாரு?"

மனைவி வெடித்தாள்.

"வீட்டுக்கு யார் வந்தாலும் பாப்பா கையில ஹேர்பின்னைக் குடுத்து, பூட்டைத் திறந்து காட்டச் சொல்வாரு மேடம்! அவ திறந்ததும் எல்லாரையும் கைதட்டச் சொல்வாரு! வேணாம் வேணாம்னு தலையால அடிச்சுக்கிட்டேன்..."

அவன் இன்ஸ்பெக்டரின் காலில் விழுந்தான்.

"நான்தான் சுட்டேன்னு எழுதிக்கோங்க மேடம்! என் குழந்தை மேல கேஸ் வேணாம்!"

"எழுந்திருங்க! ஏழு வயசுக் குழந்தை மேல எவன் கேஸ் போடுவான்? அவ திறப்பான்னு தெரிஞ்சும் குண்டோட வச்சீங்களே, கேஸ் உங்க மேலதான்!"

"ஜெயிலுக்குப் போறேன் மேடம். தூக்குல வேணா போடுங்க. அவ ஒரே ஒரு தடவை 'அப்பா'ன்னு கூப்பிட்டாப் போதும்..."

மறுபடி கம்பியை எடுத்தான். கண்ணீரில் பூட்டே தெரியவில்லை.

க்ளிக்!

திடுக்கிட்டான். கம்பி இன்னும் அவன் கையில்தான் இருந்தது!

கதவு மெல்லத் திறந்தது... பாப்பா நின்றாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. அவளுக்குப் பின்னால், தலையணையில் ஓட்டை. அறை முழுக்கப் பஞ்சு.

"அப்பா... காதுக்குள்ள கொய்ங்ங்னு இருக்கு. வேற ஒண்ணுமே கேக்கலப்பா!"

அவளை அள்ளி அணைத்துக் கதறினான். கூட்டமும் சேர்ந்து அழுதது.

"துப்பாக்கி எங்கடா கண்ணு?" இன்ஸ்பெக்டர் குனிந்து, விரலைத் துப்பாக்கி போல நீட்டிக் காட்டிக் கேட்டார்.

"பயமா இருந்துச்சு. திரும்ப வச்சுப் பூட்டிட்டேன்." பாப்பா விசும்பினாள். "பெரிய பூட்டையும் திறந்துட்டேன்னு அப்பாகிட்ட காட்டலாம்னு..."

கான்ஸ்டபிள் பீரோக் கதவை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். பூட்டுக்காரன் தானாகவே இரண்டு கைகளையும் நீட்டினான். விலங்கு மாட்டப்பட்டது.

பாப்பா அழுகையை நிறுத்தினாள். விலங்கின் சாவித்துவாரத்தையே உற்றுப் பார்த்தாள். அவள் கை மெல்லத் தலைமுடிக்குப் போனது...

இன்ஸ்பெக்டர் பதறினார்.

"அம்மா, முதல்ல அந்த ஹேர்பின்னைப் பிடுங்குங்க! இல்லேன்னா என் ஜீப் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள, உங்க வீட்டுக்காரர் வீடு வந்து சேர்ந்துடுவாரு!"