எர்த் வயர்

தந்தியிலிருந்து கையை எடுத்த பிறகும் இரைச்சல் திரும்பவில்லை.

ஹுஸ்னியா சோல்டர் கோலைக் கீழே வைத்தாள். எலெக்ட்ரிக் கிட்டாரை அம்பிளிஃபையரில் மாட்டினால் வண்டு ரீங்கரிப்பதுபோல் ஓர் இரைச்சல் வரும். தந்தியில் கை பட்டால் அடங்கும், எடுத்தால் மறுபடி கிளம்பும். மருதமுனையில் வீட்டிலேயே ரேடியோவும் போனும் திருத்துகிறவளுக்கு இது தெரியாததல்ல. எர்த் வயர் எங்கோ தப்பாகப் பட்டிருக்கும் என்று தேற்றிக்கொண்டாள்.

கிட்டார் அவளுடைய அண்ணன் அஸ்கி நானாவுடையது. பொத்துவில் ஹோட்டல்களில் வாசிக்கிறான் என்று தெரிந்த அன்று, வாப்பா அப்துல் கபூர் குறட்டால் அதன் வயர்களையெல்லாம் அறுத்தெறிந்து மகனையும் துரத்திவிட்டார். கடும் காய்ச்சலோடு ஒரு மழை இரவில் அவன் திரும்பி வந்தான். சுபஹுத் தொழுகைக்குக் கதவைத் திறந்தபோது வாசற்படியில் உயிர் பிரிந்து மையித்தாகக் கிடந்தான். "நல்ல நித்திர. தட்டினது கேட்கல்ல," என்று வந்தவர்களிடமெல்லாம் வாப்பா அழுதார். ஊர் அவரைத்தான் தேற்றியது. அன்று அக்கரைப்பற்றில் சாச்சி வீட்டில் இருந்த ஹுஸ்னியாவும் அதை நம்பினாள்.

இன்று காலை நானாவின் கூட்டாளி வினோஜ் போன் எடுத்திருந்தான். "தங்கச்சி, அத எரிச்சிப் போடாதீங்க. பின்னேரம் வந்து எடுக்கிறன்."

கிட்டாரை உயிரோடு அனுப்ப நினைத்தாள். ஈயப்புகையும் ஈரச்சுவரின் வாடையும் கலந்த அறையில், ஓட்டில் மழை இரைய, தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் இரண்டு பிக்கப்புகளையும் ஸ்விட்சில் சேர்த்துப் பற்றவைத்துத் தந்திகளையும் பூட்டியிருந்தாள்.

இப்போது இரைச்சல் மறுபடி கிளம்பியது. அப்பாடா என்று எழுந்தாள்.

நின்றது.

மேசைக்கருகே யாருமில்லை. கிளம்பியது. மறுபடி நின்றது. யாரோ தந்திகளைத் தடவிப் பார்ப்பதுபோல. ஆசையாக.

அஸர் தொழுதுவிட்டு வாப்பா நனைந்தபடி உள்ளே வந்து கதவைத் தாழிட்டார். "இன்னும் அந்தச் சனியனோடதானா?"

அப்போது ஸ்பீக்கரில் தட்டும் சத்தம் கேட்டது. விரல்முட்டியால், மெதுவாக. வீட்டை எழுப்பப் பயந்தவன் தட்டுவதுபோல்.

வாப்பாவின் முகம் வெளிறியது. "திறக்காத, புள்ள."

"ஆருக்கு வாப்பா?"

"அவன்தான். அண்டைக்கும் இப்படித்தான்... விடியுமட்டும் தட்டினான்."

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டார். ஹுஸ்னியா அவரையே பார்த்தாள். அழுகை வரவில்லை.

கையை நீட்டி அம்பிளிஃபையரின் பிளக்கைப் பிடுங்கினாள். சிவப்பு விளக்கு அணைந்தது.

தட்டல் நிற்கவில்லை.

வாப்பா ஓடிப்போய்த் தாழ்ப்பாளை இரு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். "போடா! போ!" என்று கதவைப் பார்த்துக் கத்தினார்.

கதவுக்கு வெளியே மழை மட்டும்தான். அவர் முதுகுக்குப் பின்னால், மேசையில், கிட்டாரின் தந்திகள் ஒவ்வொன்றாகக் கழுத்துக் கட்டையோடு அழுந்தின. அழுத்துகிற விரல் ஒன்றுமில்லை.