கேட்டில் தொங்கிய ஈரத்துண்டு

உள்ளறையில் சிங்காரவேல் யாருக்கோ "சரிங்க" என்றான்.

ஒரே ஒரு சொல்தான். அடுக்களையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்த மலர்கொடிக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. தாலி கட்டிய நாளிலிருந்து அவளுக்கு "ஏய்", "இந்தா", மிஞ்சிப்போனால் "மலரு". இந்த "ங்க" எங்கிருந்து முளைத்தது, அதுவும் வெல்லத்தை வாயில் அடக்கிக்கொண்டு பேசுகிற மாதிரி? உள்ளே அவனைத் தவிர ஈ காக்கை கிடையாது. நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்தவன். அவன் தூக்கத்துக்காக ஜன்னலில் கறுப்புக் காகிதம் ஒட்டிய அந்த அறை, நட்டநடுப் பகலிலும் குகையாகக் கிடக்கும். அந்த இருட்டுக்குள்ளிருந்து அவன் சிரித்தான். கூடவே ஒரு பெண்குரலும் சிரித்தது.

மதியம் என்றால் அந்தக் குவார்ட்டர்ஸ் வரிசை மூச்சை அடக்கிக்கொள்ளும். தூரத்தில் சுரங்கத்துக் கன்வேயர் பெல்ட் ஓயாமல் இரைந்துகொண்டிருக்க, கொடியில் காயும் துணிமேல் சாம்பல்தூள் சத்தமில்லாமல் படிந்துகொண்டிருக்க, மழை ஈரத்தில் பழுப்பு நிலக்கரியின் புகைநெடி தொண்டைக்குள் இறங்கும். நைட் ஷிப்ட் பார்த்த ஆள் தூங்கும் வீட்டில், கேட்டின்மேல் ஓர் ஈரத்துண்டைப் போட்டுவைப்பது அந்த வரிசையின் பழக்கம். துண்டைக் கண்டால் மீன்காரி கூவமாட்டாள். அடுத்த வீட்டு மாரியம்மாள் மிக்ஸி போடமாட்டாள். தலைபோகிற அவசரமானாலும் யாரும் கதவைத் தட்டமாட்டார்கள்.

அந்தப் பெண்குரல் அவன் போனுக்குள் இருந்தது. குடியை நிறுத்துவதற்கான முகாமுக்குக் கூட்டாளி சுபாஷ் இழுத்துக்கொண்டு போனபோது அங்கே போட்டுக்கொடுத்த செயலி. கையில் ஒரு பட்டை, அது நாடித்துடிப்பைப் பார்த்துக்கொண்டே இருக்கும். போன் அவ்வப்போது கேட்கும்: குடிக்க ஆசை வந்ததா? அப்போது எங்கே இருந்தீர்கள்? பக்கத்தில் என்ன இருந்தது, யார் இருந்தார்கள்? பழக்கம் பாட்டிலில் இல்லையாம், பாட்டிலைச் சுற்றி இருக்கிறவற்றில் இருக்கிறதாம். எது ஆசையைக் கிளப்புகிறதோ அதைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றாக வீட்டைவிட்டு எடுக்க வேண்டுமாம்.

முதலில் அவன் ஊற்றிக் குடிக்கும் எவர்சில்வர் டம்ளர் போனது. குரல் சொல்லச் சொல்ல, மஞ்சள் துணியால் அதைப் பளபளவென்று துடைத்தான். "இத்தினி நாளா கூட இருந்ததுக்கு ரொம்ப நன்றிங்க" என்று டம்ளரைப் பார்த்துச் சொன்னான். வெள்ளைச் சாக்கில் போட்டு நீல நைலான் கயிற்றால் கட்டி, பைக்கில் வைத்துக் கொண்டுபோய், சுரங்க மண் கொட்டும் மேட்டிலிருந்து உருட்டிவிட்டு வந்தான். அடுத்தது கொல்லையில் உட்கார்ந்து குடிக்கும் நாற்காலி. அதற்கும் துடைப்பு, அதற்கும் நன்றி, அதற்கும் சாக்கு. பிறகு ரேடியோ. பிறகு சுபாஷே வருவதை நிறுத்திக்கொண்டான். ஏன் என்று அவள் கேட்டதற்கு, "அவனுக்கும் நன்றி சொல்லிட்டேன்" என்றான் சிங்காரவேல்.

அவன் குடியை விட்டான். அதுதான் மலர்கொடியின் வயிற்றில் நெருப்பை வைத்தது.

"சந்தோசப்படாம ஏன்டி மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு கீற? சாமி கண்ண தொறந்துடுச்சி" என்றாள் மாரியம்மாள்.

"சாமி எங்கக்கா தொறந்துச்சி? வேற எவளோ தொறந்துட்டா."

பின்னே? காலைப் பிடித்து அழுதாள், பட்டினி கிடந்தாள், தீ மிதித்தாள். அசைந்தானா அந்த மனுஷன்? குழந்தை குட்டி இல்லாத வீட்டில் அவளுக்கென்று இருந்தது அவன் ஒருத்தன். அவனைத் திருத்துவதற்காகவே உயிரோடு இருக்கிறோம் என்று நினைத்திருந்தாள். இன்றைக்கு ஊர் பேர் தெரியாத ஒருத்தி "மூச்ச மெதுவா விடுங்க" என்கிறாள், பெட்டிப்பாம்பாக அடங்கிவிட்டான். ரத்தமும் சதையுமாக வந்திருந்தால் கொண்டையைப் பிடித்து இழுத்து நாலு சாத்து சாத்தியிருக்கலாம். இவளை எங்கே என்று பிடிப்பது?

அவளைத் தோற்கடிக்க ஒரு வழி கண்டுபிடித்தாள். அவன் குளிக்கப் போகும்போதெல்லாம் போனை எடுத்தாள். 'குடிக்க ஆசை வந்ததா?' வந்தது என்று அமுக்கினாள். வரட்டுமே, உன் வித்தை பலிக்கவில்லை என்று நீயே தெரிந்துகொள்ளடி. 'பக்கத்தில் யார்?' நண்பர், உறவினர், மனைவி என்று வரிசையாக வந்தது. மலர்கொடி விரலை ஊன்றி 'மனைவி' என்பதை அமுக்கினாள். ஒருத்தி இருக்கிறேன், அவன் பக்கத்தில் நான்தான் இருக்கிறேன் என்று அந்தச் சக்களத்திக்கு உறைக்கட்டும். மழைக்காலம் முழுக்க, தினமும், அதே பதில். மனைவி. மனைவி. மனைவி.

குரல் ஒரு தடவைகூடக் கோபப்படவில்லை.

"பரவால்லைங்க. எது காரணம்னு கண்டுபிடிச்சிடலாம்" என்றது.

ஒருநாள் போன் புதிதாக ஒன்று கேட்டது. 'உங்கள் மனைவி இப்போது எங்கே இருக்கிறார்?' கேட்டாளே ஒரு கேள்வி! மலர்கொடி வெற்றிச் சிரிப்போடு 'வீட்டில்' என்று அமுக்கினாள். 'நன்றி' என்றது போன்.

அந்த வாரம் அவனுக்குப் பகல் ஷிப்ட். ஆனாலும் வெள்ளிக்கிழமை மதியமே வீட்டுக்கு வந்துவிட்டான். வெளிக்கதவைச் சாத்தித் தாழ்போட்டான். கூடத்து ஜன்னல்களிலும் கறுப்புக் காகிதத்தை ஒட்ட ஆரம்பித்தான். பசைநெடி கூடமெங்கும் பரவ, வெளிச்சம் ஒவ்வொரு கட்டமாகச் செத்து, கடைசியில் கதவிடுக்கில் ஒரு கோடு மட்டும் மிஞ்சியது.

"ஏங்க, இன்னாத்துக்கு இதெல்லாம்?"

அவன் கிட்டே வந்தான். அவள் தோளைப் பிடித்துப் பக்குவமாகக் கூடத்து நாற்காலியில் உட்காரவைத்தான். அவன் வாயில் சாராய வாடை இல்லை, சோப்பு வாடை அடித்தது. இத்தனை அருகில் அவன் முகத்தைப் பார்த்து எவ்வளவு காலமாகிவிட்டது! மலர்கொடிக்குக் கண் கலங்கியது.

"மலரு. இத்தினி நாளா கூட இருந்ததுக்கு ரொம்ப நன்றிங்க."

ங்க! அவளுக்கே அவளுக்கு. நெஞ்சு குளிர்ந்துபோனது. ஜெயித்துவிட்டேனடி உன்னை, என்று போன் இருந்த பக்கம் திரும்பினாள்.

டம்ளர் ஞாபகம் வந்தது.

நாற்காலி. ரேடியோ. சுபாஷ்.

போன் ஃபிரிட்ஜின்மேல் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. திரை அவளைப் பார்த்திருந்தது.

"மூச்ச மெதுவா விடுங்க" என்றது குரல். "அவசரம் வேணாங்க."

"சரிங்க" என்றான்.

"நான்தாங்க அமுக்குனது! பொய்யா அமுக்குனேன்! நீங்க குளிக்கசொல்ல நான்தான்..." அவன் கேட்கவே இல்லை. கையில் இருந்த பட்டையைத்தான் பார்த்தான். அது பச்சையாக மின்னியது. நிதானமாக.

வெளியே செருப்புச் சத்தம். மாரியம்மாள். கொழுக்கட்டை கொண்டுவருகிறேன் என்று காலையில் சொன்னவள். மலர்கொடி வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. செருப்பு கேட்டருகில் நின்றது. இதோ கேட் கிறீச்சிடும். இதோ.

கிறீச்சிடவில்லை.

"நைட் ஷிப்ட் போலக்கீது" என்று தனக்குத்தானே முணுமுணுத்தாள் மாரியம்மாள். சத்தம் வராமல் அடி எடுத்துவைத்துத் திரும்பிப் போனாள்.

கதவிடுக்கின் வழியே மலர்கொடி பார்த்தாள். கேட்டின்மேல் துண்டு. நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

சிங்காரவேல் வெள்ளைச் சாக்கை உதறி, வாயை அகலமாக விரித்துத் தரையில் வைத்தான். நீலக் கயிற்றை அதன் பக்கத்தில் சுருட்டி வைத்தான். பிறகு மஞ்சள் துணியை எடுத்து, அவள் நெற்றியிலிருந்து, மெல்ல, பளபளவென்று துடைக்க ஆரம்பித்தான்.