தாமான் முடிச்சு

மேற்கே செம்மை வடிந்து, மூன்றாம் பிறை காயலின் மேல் வெள்ளிக்கோடு இழுக்கத் தொடங்கிய வேளையில், நெய்தல்வாய்க் கோட்டையின் படித்துறையில் ஒரு சிறு பாய்ப்படகு அசைந்துகொண்டிருந்தது. அதில் நின்றவனைத் துறையில் எல்லோரும் எயினன் என்றே அறிவார்கள். எட்டு மாதங்களாகக் கோட்டைத் தலைவரின் மகள் பூதி நாச்சியாரைக் காயலில் உலா அழைத்துச் செல்பவன். வாசகர்களே, அவன் சேரநாட்டு ஒற்றன் என்பது நமக்குள் இருக்கட்டும். கோட்டையின் கப்பற்படை பௌர்ணமியன்று சேரநாட்டின் மேல் புறப்படுகிறது. அந்தச் செய்தியோடு, இன்று அவள் வருமுன், அவன் கடலுக்குள் நழுவியாக வேண்டும்.

பாயை ஏற்றினான். பாயின் கீழ்முனையை அடக்கும் தாமான் கயிற்றைக் கையில் எடுத்தபோது பூதி படியிறங்கி வந்தாள். இனி இவளைக் காணப்போவதில்லை என்ற நினைவில் கை தன் போக்கில் கயிற்றை முளையில் இறுக்கி முடிந்துவிட்டது.

அந்தத் துறையில் தாமானை யாரும் முடிவதில்லை. அங்கே கரைக்காற்று திடீரென்று அறையும். கட்டுண்ட பாய் படகைக் கவிழ்க்கும். முளையில் ஒரு சுற்று, மிச்சம் கையில். காற்று மாறாமல் வீசும் மேற்குக் கரையில்தான் முடிச்சு.

துறையைச் சுற்றிவந்த முதிய காவல் தலைவர் கொற்றங்கண்ணர் தீவட்டியோடு குனிந்தார். சேரர் படகுகளில் பார்த்த முடிச்சு இது என்றார். யார் போட்டது என்று கேட்டார்.

“நான்தான்,” என்றாள் பூதி, படகில் கால் வைத்தபடி. “கூந்தலுக்குப் போடும் முடிச்சு. வேறென்ன தெரியும் எனக்கு?”

“நல்லவேளை நாச்சியாரே, பாய்க்குப் பூச்சூட்டாமல் விட்டீர்கள்.” கிழவர் சிரித்துக்கொண்டே படியேறிப் போனார்.

அவள் முடிச்சை அவிழ்த்து, ஒரு சுற்றுச் சுற்றி, மிச்சக் கயிற்றை அவன் கையில் வைத்தாள். விரல்கள் சற்று நேரம் அங்கேயே இருந்தன.

“முதல் வாரமும் இப்படித்தான் முடிந்தாய். நீ சேரநாட்டான் என்று அன்றே தெரியும்.”

ஏன் சொல்லவில்லை என்று கேட்டான். அவளோ அவன் உண்மைப் பெயரைக் கேட்டாள்.

“வில்லவன் ஆதன். சேரர் கடற்படையின் உபதலைவன்.”

அவள் படகைவிட்டு இறங்கிப் படியில் நின்றாள்.

“தங்கள் பாய் கழிமுகம் தாண்டியதும் முரசறையச் சொல்வேன், ஆதரே. புறப்பாட்டு நாள் மாறும். தாங்கள் கொண்டுபோகும் செய்தி எதற்கும் ஆகாது. உயிர் மட்டும் தங்களுடையது.”

உடன் வா என்று சொல்ல நா எழுந்தது. அவளுடைய தமையன்மார் இருவரும் அந்தக் கப்பல்களில் செல்பவர்கள். அவன் படகைத் துறையிலிருந்து தள்ளினான்.

கழிமுகத்தில் காற்று அறைந்தது. கயிற்றை விட்டான், பிடித்தான். மணல்திட்டைத் தாண்டினான். காது பின்னால் இருந்தது. முரசு கேட்கவில்லை. கோட்டை விளக்கு புள்ளியானது. பிறகு அதுவும் அணைந்தாற்போல் மறைந்தது. எந்தப் படகும் துரத்திப் பிடிக்க முடியாத தூரம் வந்த பிறகுதான், நீரின் மேல் மெலிந்து மெலிந்து அந்த ஒலி வந்தது.

அவன் தாமானை இளக்கினான். பாய் படபடத்தது, படகு நின்றது. முரசின் கடைசி அறை ஓயும்வரை கேட்டுவிட்டு, கயிற்றை மீண்டும் இழுத்துப் பிடித்தான்.